முகவரிக்கு முகமூடி!

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. ஏற்றியவர் யார் என்று எவரும் ஐயப்படுவதில்லை. கம்பம் தெரிகிறது, கூண்டு தெரிகிறது, அது தொங்குகிற இடம் ஊரறிந்த இடம். கண்டவன் படகை இழுத்துக் கட்டுகிறான்.

அதே செய்தி இன்று செல்பேசிக்கும் வருகிறது. வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் செய்தியின் அடியில் ஒரு லிங்க் தொங்குகிறதே, அதைக் கொஞ்சம் பாருங்கள் தோழர்களே! வானிலைத் துறையின் பெயர் அதில் இல்லை. மீன்வளத் துறையின் பெயரும் இல்லை. எழுத்தும் எண்ணும் குழம்பிக் கிடக்கும் ஒரு தலையற்ற முண்டம்! அழுத்தினால் அரசு அலுவலக வாசலுக்கும் போகலாம், அண்டப்புளுகன் விரித்த வலைக்கும் போகலாம். அழுத்திய பிறகுதான் தெரியும். அழுத்திய பிறகு தெரிந்து ஆவதென்ன?

இந்த முண்டத்தை ஆக்கியவர் யார்? அனுப்பிய தோழர் அல்ல. அவர் முழு முகவரியைத்தான் போட்டார். தலையை வெட்டியது தளம். 2011ஆம் ஆண்டு முதல் ட்விட்டர், இன்று எக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பெனி, தன்னிடம் வரும் ஒவ்வொரு இணைப்பையும் டி.கோ என்ற தன் சொந்தப் பைக்குள் போட்டுவிடுகிறது. தளத்தின் திரையில் மூலப் பெயரின் தலைப்பகுதி தெரிகிறது. அதை நகலெடுத்து வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோனாலோ, கையில் வருவது டி.கோ மட்டும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வழி வைக்கவில்லை.

சுருக்கம் என்கிறார்கள். எது சுருக்கம்? எந்த இணைப்பானாலும் அங்கே 23 எழுத்து என்று கணக்கு. தமிழ்நாட்டு அரசின் தள முகவரி ஆங்கிலத்தில், புள்ளியையும் சேர்த்து எண்ணினால், 9 எழுத்து. அந்த ஒன்பதையும் 'சுருக்கி' இருபத்து மூன்று ஆக்கும் விந்தைக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

கள்ளத் தளங்களைச் சோதித்துத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அவர்கள் வாதம். தடுக்கட்டும். காவலுக்கு வந்தவன் வாசலில் நின்று சோதிக்கலாம். வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாமா? காவலோடு நிற்கவில்லையே! எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கணக்கும் அந்த வாசலில்தான் எடுக்கப்படுகிறது. வாசல் யார் கையிலோ, வழியும் அவன் கையில். 2023 ஆகஸ்டில் நடந்தது என்ன? நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக் முதலிய தளங்களுக்குப் போன டி.கோ இணைப்புகள் மட்டும் ஏறத்தாழ 5 விநாடி தாமதமாகத் திறந்தன. வாஷிங்டன் போஸ்ட் அதை அம்பலப்படுத்தியது. தாமதம் நீங்கியது. ஐந்து விநாடி அற்பம் என்பீர்கள். பத்திரிகைக் கதவை ஐந்து விநாடி பிடித்து நிறுத்த முடிந்தவனுக்கு ஐந்து நாள் நிறுத்தவா தெரியாது?

கடலுக்குப் போகும் விசைப்படகின் பக்கத்தில் பதிவு எண் எழுதியிருக்க வேண்டும். எந்த நாடு, எந்த மாநிலம், எந்தப் படகு என்பதை அந்த எண்ணே சொல்லும். டோக்கன் வாங்காமல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட முடியாது. வலை வீசிப் பிழைப்பவனிடம் இத்தனை அடையாளம் கேட்கும் உலகம், கோடிகளில் புரளும் கம்பெனி விடுகிற இணைப்பிடம் ஊர்ப்பெயர்கூடக் கேட்பதில்லை!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அடுப்பெரிவதே பாடு. அந்நேரம், "நிவாரணம் வந்துவிட்டது, கீழேயுள்ள லிங்க்கில் பதிவு செய்க" என்று ஒருவன் அனுப்பினால், தங்கச்சிமடத்துத் தாய் எதை வைத்து உண்மை பொய் காண்பாள்? முழு முகவரி இருந்தால் படித்த பிள்ளையிடம் காட்டலாம்; "இது அரசுத் தளம் இல்லை அம்மா" என்று அவன் சொல்லிவிடுவான். முகமூடி போட்ட இணைப்பை எந்தப் பிள்ளை படிப்பான்?

இன்னொரு கேடு, சாவு. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. இரயில் நிலையமும் அஞ்சலகமும் இருந்த ஊர் ஒரே இரவில் முகவரி இழந்தது. அது இயற்கையின் கொடுமை. கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்க நிலையத்துக்கு எந்தப் புயலும் வரவில்லை. 2019இல் புதிய சுருக்கம் தருவதை நிறுத்தினார்கள். நடமாட்டமில்லாத பழைய இணைப்புகள் 2025 ஆகஸ்ட் 25க்குப் பின் இயங்கா என்று அறிவித்தார்கள். போய்ச்சேர வேண்டிய கட்டுரை அதன் தளத்தில் உயிரோடு இருக்கலாம். வழி மட்டும் செத்தது. கழகத்தின் பழைய தீர்மானங்களை, போராட்டச் செய்திகளை இப்படிச் சுருக்கி வைத்திருக்கும் தோழர்கள் இன்றே எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

அப்படியானால் சுருக்கவே கூடாதா என்று கேட்கும் தம்பிக்கு ஒரு கணக்கு. இராமேசுவரம் என்ற சொல் தமிழில் 7 எழுத்து. அதை இணைய முகவரியில் வைத்து நகலெடுத்தால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 99 குறிகள் வந்து கொட்டுகின்றன! ஆங்கிலத்தில் எழுதினால் பத்தே குறி. ஆங்கிலம் நிமிர்ந்து நடக்கும் வீதியில் தமிழ் பத்து மடங்கு மூட்டை சுமக்க வேண்டுமாம். சுருக்கத்துக்கு நம்மைத் துரத்துவதே இந்த ஏற்பாடுதான். தமிழ் முகவரியைத் தமிழாகவே காட்டவும் நகலெடுக்கவும் செய் என்று கேட்பதும் மொழிப் போராட்டத்தின் ஒரு முனையே என்கிறோம்.

வணிகக் குறுஞ்செய்திகளில், முன்பதிவு செய்து ஒப்புதல் பெறாத இணைப்பு இருந்தால் அதைத் தடுக்க வேண்டும் என்ற டிராய் விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. நல்லது. ஆனால் அந்த வேலி குறுஞ்செய்தியோடு நிற்கிறது. வாட்ஸ்அப்பிலும் சமூகத் தளங்களிலும் வேலியே இல்லை. மூல முகவரியை மறைக்காதே என்று தளங்களுக்கு ஆணையிட ஒன்றிய அரசுக்கு என்ன தடை?

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கிளைத் தோழர்கள் எச்சரிக்கையோ நிவாரண அறிவிப்போ அனுப்பும்போது, துறையின் பெயர், அறிவிப்பின் நாள், முழு முகவரி மூன்றையும் எழுத்திலேயே போடட்டும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதைப் படகுத்துறைச் சுவரில், தொலைவிலிருந்தும் தெரியும்படி பெரிதாக எழுதி வையுங்கள்.