ஜன்னலோரத் திருநீற்றுப்பச்சிலை: தோட்டத்து மருந்தை அதற்கு அடிக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குள் ஜன்னலோரம் தொட்டியில் வைத்த திருநீற்றுப்பச்சிலை இரண்டு முறை பட்டுப்போனது. மூன்றாவதாக வைத்த செடியில் இப்போது மாவுப்பூச்சி ஏறியிருக்கிறது. கத்தரிக்குக் கலக்கிய மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையே அடித்தால் சரியாகுமா? பேரப்பிள்ளைகள் அவ்வப்போது இலையைப் பறித்து மெல்லுகிறார்கள். – தேனி மாவட்ட வாசகி

பதில்: அடிக்கக் கூடாது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடாது.

கத்தரிக்கு அடிக்கும் மருந்தின் லேபிளில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு என்பதோடு, அடித்த எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்றும் போட்டிருக்கும். அதற்குக் காத்திருப்புக் காலம் என்று பெயர். கத்தரித் தோட்டத்தில் அந்த நாள்கணக்கைப் பார்த்துக் காய் பறிக்க முடியும். ஜன்னலோரச் செடிக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. காலையில் ரசத்துக்கு நாலு இலை, மாலையில் டீக்கு இரண்டு இலை என்று தினமும் அறுவடை நடக்கிறது. குழந்தைகள் கையில் கிடைத்தால் கழுவாமலே வாய்க்குப் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பல மருந்துகள் ஊடுருவிப் பாயும் வகை. இலைமேல் பட்டது செடிக்குள் இறங்கி, சாற்றோடு சேர்ந்து குருத்துவரை போகும். அதை இலையைக் கழுவிப் போக்க முடியாது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற சிவப்பு முக்கோண மருந்தைக் காய்கறிக்கே அடிக்கக் கூடாது என்று தடை உண்டு. சிவப்பு மிகக் கடுமையான விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சை முக்கோணம் இருப்பதால் அது உண்ணத் தகுந்தது என்று ஆகிவிடாது.

ஏற்கெனவே அடித்திருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கி, மண்ணோடு சேர்த்து, கிணறு, வாய்க்கால், மாட்டுத் தொழுவம் மூன்றுக்கும் எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும். ஆடு மாடுகளுக்குப் போடக் கூடாது. புதுத் தொட்டியில், புது மண்ணில் தொடங்குவதே நல்லது. கலக்கிய மருந்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதும், குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் உயிருக்கே ஆபத்தானவை. தேவைக்கு மட்டும் கலக்கி, மிச்சம் வந்தால் லேபிளில் சொன்ன அதே பயிரில், அதே வயலில் தீர்த்துவிட வேண்டும்.

மாவுப்பூச்சிக்கு ஒரு தொட்டியளவில் கைவேலையே போதும். பூச்சி அப்பிய குருத்தைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். கணுவிடுக்கில் இருப்பதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, செடியைச் சாய்த்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொட்டியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிவிட்டுச் செடி பரப்பும். எறும்பு வழியை அடைக்காமல் பூச்சியை மட்டும் எடுத்தால் மறுபடி வந்துவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும், அது கரையும் அளவுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதற்குத் தெளிப்பது நல்லது. பிறகு ஒரு வாரம் இலை பறிக்காமல் விட்டு, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம்.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அவை சாணம் சேர்ந்த கரைசல்கள். பச்சையாக மெல்லும் இலைமேல் அவற்றைத் தெளிக்கக் கூடாது. வேரோரம் மண்ணுக்கு ஊற்றலாம்.

கேள்வி: பூச்சி இல்லாதபோதும் செடி பட்டுப்போனது ஏன்?

பதில்: வீட்டுக்குள் வைக்கும் திருநீற்றுப்பச்சிலை சாவதற்கு மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும். வெளிச்சம் போதவில்லை, தண்ணீர் அதிகம், நுனி கிள்ளவில்லை.

இது வெயில் செடி. தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் அறை செடிக்கு இருட்டு. தண்டு வெளுத்து, நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் அது வெயில் கேட்கிறது என்று அர்த்தம். கிழக்கு ஜன்னலில் ஆண்டு முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். தெற்கு ஜன்னலில் ஐப்பசி முதல் மாசி வரை நன்றாக விழும். சித்திரை முதல் ஆடி வரை நம் பகுதியில் நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலோ, சற்று வடக்கிலோ நிற்பதால் தெற்கு ஜன்னலுக்கு வெயில் இறங்காது. மேலே சன்ஷேடு இருந்தால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் தொட்டியைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ மாற்றுவதே வழி. மாற்றும்போது ஒரேயடியாக உச்சிவெயிலில் வைக்காமல், ஒரு வாரம் காலை வெயிலில் பழக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அன்பே கெடுதல். இலை தொங்கினால் தண்ணீர் குறைவு என்று நினைத்து ஊற்றுகிறோம். வேர் அழுகினாலும் இலை தொங்கும். ஒரு விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்ற வேண்டும். ஈரமான மண்ணில் செடி தொங்கினால் ஊற்றுவதை நிறுத்தி, வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவே கூடாது. வேரும் அழுகும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் அந்தத் தட்டில்தான் முட்டையிடும்.

எட்டு முதல் பத்து அங்குல ஆழத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. வயல் வண்டலை அப்படியே நிரப்பினால் தொட்டியில் இறுகிவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். யூரியா வேண்டாம், இலை பெருக்கும், மணம் குறையும்.

நுனி கிள்ளுவதுதான் பலர் விட்டுவிடும் வேலை. இது புதினா குடும்பம். தண்டு நாற்கோணம், ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை. செடி ஒரு சாண் உயரம் வந்ததும், கீழே இரண்டு மூன்று கணுக்களை விட்டு, கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால், அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். அவற்றைக் கிள்ளினால் நான்காகும். அடியிலையைப் பறித்துக்கொண்டே நுனியை விட்டுவைத்தால் செடி குச்சியாக உயர்ந்து பூக்கும். பூத்துக் காய்க்கத் தொடங்கினால் இலை சிறுக்கும், செடியின் ஆயுளும் குறையும். மொட்டு தெரிந்த உடனே கிள்ளிவிட வேண்டும். விதை வேண்டுமென்றால் ஒரு செடியை மட்டும் வெளியில் பூக்க விடலாம், தேனீக்கும் ஆகும்.

ஓராண்டில் தண்டு கட்டையாகி இலை குறையும். அதற்குள் பூக்காத ஒரு கிளையை நான்கு அங்குல நீளம் வெட்டி, அடியிலைகளை நீக்கி, தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கேள்வி: மளிகைக் கடைச் சப்ஜா விதையை விதைக்கலாமா? விதைக்கடை விதையைச் சர்பத்தில் போடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு ஆம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். பழையதாக இல்லாவிட்டால் பெரும்பாலும் முளைக்கும். மண்ணை நனைத்து, மேலே தூவி, மெல்லிய மணல் மூடாக்குப் போட்டால் போதும். ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும். நெருக்கமாக வந்தால் கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஈரம் தங்கி நாற்றழுகல் வரும்.

இரண்டாவது கேள்விக்கு இல்லை. விதைப்புக்கென்று விற்கும் விதை பூஞ்சண மருந்தில் நேர்த்தி செய்யப்பட்டிருக்கலாம். சாயம் ஏறிய விதை என்றால் சந்தேகமே இல்லை. அது வாய்க்குப் போகக் கூடாது.

குடிக்கும் சப்ஜாவையும் காய்ந்தபடி விழுங்கக் கூடாது. தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் கால்மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, முழுதும் வழவழப்பாக உப்பிய பிறகே பயன்படுத்த வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: துளசியும் இதுவும் ஒன்றா? சமையலில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: உறவுக்காரச் செடிகள், ஒன்றல்ல. துளசி ஆசிமம் டெனுயிஃப்ளோரம், திருநீற்றுப்பச்சிலை ஆசிமம் பாசிலிகம். இத்தாலியில் பூண்டு, பருப்பு, பாலாடைக்கட்டியோடு அரைத்துப் பெஸ்டோ என்ற துவையல் செய்வது இந்த இனத்தின் அகன்ற இலை ரகத்தில்தான். நம் ஊர் ரகத்துக்குச் சோம்பு வாசனை தூக்கல். அளவாகச் சேர்க்க வேண்டும்.

மணம் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் கொதிக்க விடக் கூடாது. ரசத்தை இறக்கியதும் நாலு இலையைக் கிள்ளிப் போட்டு மூடலாம். மோரில் நறுக்கிப் போடலாம். தேங்காய்த் துவையலில் கொத்தமல்லியோடு ஒரு கைப்பிடி சேர்க்கலாம். பறித்த இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் குளிர் தாங்காமல் கறுக்கும். தண்டோடு பறித்து டம்ளர் தண்ணீரில் வெளியே வைத்தால் சில நாள் நிற்கும். சமையலுக்குச் சேர்க்கும் அளவு வேறு, மருந்தாகச் சாறெடுத்துக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாறு குடிக்கக் கூடாது.

கேள்வி: படுக்கையறையில் வைத்தால் இரவிலும் ஆக்சிஜன் தரும், கொசு வராது என்கிறார்களே?

பதில்: இரண்டையும் நம்பி வாங்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் நம்மைப் போலவே அதை எடுத்துக்கொள்ளும். ஒரு தொட்டி எடுக்கும் அளவு மிகக் குறைவு என்பதால் அறையில் வைப்பதால் தீங்கும் இல்லை. இலையில் எடுக்கும் எண்ணெய்க்குக் கொசுவை விரட்டும் குணம் உண்டு. ஆனால் இலைக்குள் இருக்கும் எண்ணெய் சும்மா நிற்கும் செடியிலிருந்து அறை முழுக்கப் பரவாது. கொசுவலைக்கு அது மாற்று ஆகாது.

நர்சரியில் செடி வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தச் செடியை வாங்காமல், ஒரு தேக்கரண்டி சப்ஜாவை விதைத்துக்கொள்வதே சுலபம். ஒன்றரை இரண்டு மாதத்தில் இலை கிள்ளலாம். வயலில் எந்த மருந்து அடித்தாலும், சமையலறைக்குப் போகும் தொட்டிக்குத் தனிக் கைத்தெளிப்பான் ஒன்று வைத்து, வயல் தெளிப்பானை அதன் அருகிலேயே கொண்டுபோகாமல் இருப்பது வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய கட்டுப்பாடு.