நெல்லிக்கோட்டைப் பழி

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் கிளம்பினால் சேத்தூர், சிவகிரி, அப்புறம் வாசுதேவநல்லூர். 1755 தொடங்கி ஆறேழு ஆண்டுகள் இந்த மலையடிவாரத்தில் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் வந்து போய்க்கொண்டிருந்தன. சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அவர்களை எதிர்த்த நெல்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் பக்கம் நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தச் சண்டைகளுக்குத் தப்பவில்லை.

இதை மதச் சண்டையாகக் கதை கட்டுவது பொய். நவாப் முகமது அலிக்குக் கம்பெனியிடம் பட்ட கடன் இருந்தது. அதை அடைக்கப் பாளையங்களின் கிஸ்திப் பணம் வேண்டியிருந்தது. அவர் தொடுத்தது வசூல் போர். தன் மார்க்கத்தின் பெயரால் அவர் அதை நியாயப்படுத்தியிருக்கவே முடியாது. தம்மோடு போரிடுவோருடன் மட்டுமே போரிட வேண்டும், அதிலும் வரம்பு மீறக் கூடாது என்பது குர்ஆன் வகுத்த எல்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து விலகக் காரணமாகக் கூடாது என்றும் அது கட்டளையிடுகிறது.

நபிகள் நாயகத்துக்குப் பின் பொறுப்பேற்ற கலீஃபா அபூபக்கர், படையை வழியனுப்பும்போது சொன்னவை பெயர்பெற்றவை. பெண்ணை, குழந்தையை, முதியவரைக் கொல்லாதே. காய்க்கும் மரத்தை வெட்டாதே. உண்பதற்கல்லாமல் ஆட்டையும் மாட்டையும் அறுக்காதே. மடங்களில் தவமிருக்கும் துறவிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடு. இது ஏழாம் நூற்றாண்டு. எட்டாம் நூற்றாண்டில் ஹனஃபி அறிஞர் ஷைபானி, பிற நாட்டாரோடு போரிலும் உடன்படிக்கையிலும் நடந்துகொள்ள வேண்டிய முறையைத் தனி நூலாகவே எழுதினார். அவுரங்கசீப் தொகுக்கச் செய்த ஃபத்தாவா ஆலம்கிரியிலும் போர்நெறிக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆகவே, ‘அந்தக் காலத்துப் போரே அப்படித்தான்’ என்ற சமாதானத்தை நாம் ஏற்க மாட்டோம். நெறி இருந்தது. மீறியவர்கள் வீட்டிலேயே இருந்தது.

1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் கூட்டாகத் தெற்கே வந்தார்கள். மதுரைக்கு அருகே திருமோகூர்க் கோயிலை உடைத்துப் பித்தளைத் திருமேனிகளை எடுத்துக்கொண்டார்கள். நெல்லைக்குத் தெற்கே, ஓர்ம் என்ற கம்பெனி வரலாற்றாசிரியர் நெல்லிக்கோட்டை என்று குறிக்கும் சிறு கோட்டைக்கு அந்தப் படையின் ஒரு பிரிவு போனது. உள்ளே நானூறு பேர். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டினார்கள். மிஞ்சியவர் ஆறு பேர். எழுதி வைத்தது எதிரியல்ல, கம்பெனியின் சொந்த ஆள்.

படை திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் திருமேனிகளை மீட்டார்கள். ஹெரானைச் சென்னையில் விசாரித்து வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த விசாரணையில் முன்னே நின்றது பணமும் குத்தகையும்தான். நானூறு உயிர் பின்னால் போய்விட்டது. கம்பெனி செய்தது கொலை. அதைத் தன் பெயரில் நடக்கவிட்ட நவாபுக்கு, தான் தொழுத மார்க்கத்தின் சட்டப்படியே மன்னிப்பில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து இதே நவாபின் கையில் சிக்கினார் யூசுப் கான். பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர். பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் வீழ்த்தியவர். பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றவர். அவருடைய ஆட்களே 1764 அக்டோபரில், தொழுகையில் இருந்தபோது அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். விசாரணையின்றித் தூக்கிலிட்டார் நவாப். தலையும் கைகால்களும் வெட்டப்பட்டு ஊர் ஊராக அனுப்பப்பட்டன என்கிறது மதுரைச் செவிவழிக் கதை. மெய்யாயின், அதைவிட வெட்கக்கேடு இல்லை. உஹத் களத்தில் தம் சிற்றப்பா ஹம்ஸாவின் உடல் சிதைக்கப்பட்டதைக் கண்டு துடித்த நபிகள், பழிக்குப் பழியாக அதையே செய்யாமல், பிணத்தைச் சிதைப்பதையே விலக்கினார். அந்த விலக்கு எதிரியின் பிணத்துக்கும் பொருந்தும்.

பூலித்தேவரின் கோட்டை நின்ற வாசுதேவநல்லூரை நினைத்து நெஞ்சு நிமிர்த்தும் நாம், இந்த அளவுகோலை நவாபோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று இலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் தமிழ்ப் போராளிகள். அதுவும் கொலைதான். 2019 ஈஸ்டர் நாளில் இலங்கைத் தேவாலயங்களில் குண்டு வெடிக்கச் செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொன்னார்கள். அவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்மியத்துல் உலமா அறிவித்தது. அபூபக்கரின் சொல்லுக்கு நம் காலத்தில் கிடைத்த மரியாதை அது. காத்தான்குடிக்காகத் தமிழர் தரப்பில் அத்தனை தெளிவாகப் பேசியவர்கள் எத்தனை பேர்?

நெல்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. மதுரை சம்மட்டிபுரத்தில் கான் சாகிபு எனப்படும் யூசுப் கானுக்குத் தர்கா இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாளையக்காரர் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: கோட்டைகளைச் சொல்லும்போது நெல்லிக்கோட்டையையும் சொல்லுங்கள். நானூறு பேரில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்யாதே என்று சொன்ன சட்டம் அப்போதே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.