சிப் மேல பழியைப் போடாதீங்க சாமி!

மக்களே, ஒரு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பதிவும் அந்த ஆணியைப் பத்தின புலம்பல்தான். பொட்டி தட்டாத ஜனம் மன்னிக்கவும் :-)

மேட்டர் இதான். எங்க சி பிளஸ் பிளஸ் ப்ரோக்ராம் இன்டெல் மேக்ல வருஷக்கணக்கா ஓடினது. எம்1 மேக்லயும் அந்த இன்டெல் பில்டை ரொசெட்டா 2 வழியா ஓட்டினா சமர்த்தா ஓடுது. அதே மெஷின், அதே மேக்ஓஎஸ், ஆர்முக்குன்னே பில்ட் பண்ணினா மட்டும் நாளைக்கு ரெண்டு தடவை மண்டையப் போடுது. உடனே டீம்ல தீர்ப்பு சொல்லியாச்சு: "ஆர்ம்லதான் ஏதோ கோளாறு, ரொசெட்டாவுலயே விட்ருவோம்."

அதெப்படிங்க? நம்ம கோடு என்ன பண்ணுது? ஒரு த்ரெட் டேட்டாவை எழுதிட்டு 'ரெடி'ன்னு கொடி காட்டுது. இன்னொண்ணு கொடியைப் பார்த்துட்டு டேட்டாவைப் படிக்குது. எக்ஸ்86ல, எழுதின வரிசையிலேயே அடுத்த கோருக்கும் தெரியும். ஆர்ம்ல அந்த உத்தரவாதம் கிடையாது. கொடி முதல்ல தெரியலாம், டேட்டா அப்புறமா வரலாம். உலை கொதிக்கறதுக்குள்ள பந்திக்குக் கூப்பிட்ட கதை.

அப்ப ரொசெட்டாவுல எப்படி ஓடுது? ஆப்பிள் அந்த சிப்லயே எக்ஸ்86 மாதிரி வரிசையைக் காப்பாத்த ஒரு மோடு வச்சிருக்கான். ரொசெட்டாவுல ஓடறதுக்கு அது ஆன் ஆகும். அங்க ஓடினது நம்ம திறமை இல்ல, அவன் மூடி வச்ச தப்பு!

பிரிண்ட் போட்டுத் தேடினா பிழை ஒளிஞ்சுக்குது, டைமிங் மாறிடுதே. சீனியர் ஒருத்தர் வாலடைல் போடச் சொன்னார். அண்ணே, அது ஜாவாவுல கேக்கும். சி பிளஸ் பிளஸ்ல இந்த வியாதிக்கு அது மருந்தே இல்ல.

கடைசியில த்ரெட் சானிடைசர் போட்டு ஓட்டினேன். எதுல? பழைய இன்டெல் மேக்ல! அஞ்சே நிமிஷத்துல டேட்டா ரேஸ்னு வரி நம்பரோட காட்டிக் குடுத்துச்சு. அதாவது பிழை முதல் நாள்லேர்ந்தே அங்கயும் இருந்திருக்கு. (கம்பைலர் நினைச்சிருந்தா இன்டெல்லயே வரிசையை மாத்தியிருக்கலாம். ஏதோ நல்ல நேரம்.) கொடியை அட்டாமிக் ஆக்கி, எழுதற பக்கம் ரிலீஸ், படிக்கற பக்கம் அக்வயர். 2011லேர்ந்து மொழியிலேயே இருக்கற சமாச்சாரம்.

ரொசெட்டாவை நம்பி எத்தனை நாள் ஓட்டறது? மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான் முழுசா இருக்கும், அப்புறம் பழைய கேம்களுக்காகக் கொஞ்சம்தான்னு 2025லயே ஆப்பிள் சொல்லிட்டான்.

மாத்தின வரிகளை ரிவ்யூவுக்கு அனுப்பி ரெண்டு நாளாச்சு. டிக்கெட் தலைப்பு இன்னும் 'ஆர்ம் பிரச்சினை'ன்னுதான் இருக்கு. மாத்துங்கய்யான்னா சிரிக்கறாங்க :-(