கட்டுரை ஏட்டில் ஒரு கையுரல்

நம் பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் பாடம் என்ற பெயரால் நடந்துவரும் காரியத்தைப் பற்றி ஓர் இலக்கியச் சிற்றிதழ் தலையங்கம் எழுதுவது சிலருக்கு அநாவசியமாகத் தோன்றக்கூடும். ஆயினும், எமக்கு வந்துசேரும் கையெழுத்துப் பிரதிகளில், அதிலும் கல்லூரியை அண்மையில் விட்டு வந்த இளைஞர்கள் அனுப்புபவற்றில், ஒற்றுப்பிழை அதிகமில்லை, அடைமொழிகளுக்கும் குறைவில்லை, ஆனால் எழுதியவர் தம் கண்ணால் கண்ட ஒரு பொருளைக்கூடக் காணோம் என்ற நிலையைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் வருந்தி, அந்த வறட்சிக்கு மூலம் எங்கே என்று தேடிப் போனால், ஆறாம் வகுப்பின் கட்டுரை ஏட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஏட்டின் லட்சணம் எல்லோரும் அறிந்ததே. ஆசிரியர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவார். அதன் கீழே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் ஏறும். பொங்கல் விழாவானாலும், நான் கண்ட பொருட்காட்சியானாலும், பேனா தன் சரித்திரத்தைத் தானே சொல்வதானாலும், வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வாக்கியங்களை ஒரே வரிசையில் எழுதி முடிப்பார்கள். பரீட்சைக்கு அது போதும்.

தென்பாண்டிக் கிராமம் ஒன்றின் பள்ளியிலிருந்து அத்தகைய ஏடுகள் சில பார்வைக்குக் கிடைத்தன. 'கோடை விடுமுறையை நான் கழித்த விதம்' என்பது தலைப்பு. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரியோதயத்தைக் கண்டு களித்திருந்தார்கள். ஒரு சிறுவன் மாத்திரம், அந்தச் சூரியோதயத்தை முடித்த கையோடு, அந்த விடுமுறையில் தன் ஆச்சி செத்துப்போனதையும், அவள் வெற்றிலை இடிக்கிற கையுரலை யாரும் எடுத்து உள்ளே வைக்காததையும், கோடைமழைத் தண்ணீர் அதில் நின்றதையும், கோழி வந்து அதைக் குடித்ததையும் நாலு வரியில் எழுதியிருந்தான். சிவப்பு மை 'செத்துப்போனாள்' என்பதை 'இயற்கை எய்தினார்' என்று மாற்றி, மற்ற வரிகளை வட்டமிட்டு, 'தலைப்புக்கு ஒட்டவில்லை' என்று ஓரத்தில் தீர்ப்பும் கூறியிருந்தது. துக்கம் என்ற சொல்லைத் தொடாமலேயே துக்கத்தைப் பிரத்தியட்சமாக்கிக் காட்டும் வித்தை கைதேர்ந்த கதாசிரியர்களுக்கும் எளிதில் கைகூடுவதன்று. அது பதினொரு வயதுப் பாலகனுக்குச் சுபாவமாக வந்து வாய்த்திருந்ததை, பக்கத்திலேயே இருந்த பெரியவர் ஒருவர் காணவில்லை. அடுத்த ஏட்டில் அவன் கையுரலைப் பற்றி எழுதமாட்டான். மரங்களின் பயன்களை எல்லோரையும் போலவே எழுதுவான்.

இதே போன்ற ஒரு நுணுக்கத்தைக் காணக் கண் பெற்றிருந்த உபாத்தியாயர் ஒருவரின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1859-இல் தம் ஜமீன் கிராமமான யாஸ்நாயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தத் தொடங்கிய டால்ஸ்டாய், வழக்கமான வியாச விஷயங்களைக் கொடுத்துப் பார்த்துப் பிள்ளைகள் மனம் ஒட்டாமல் தவிப்பதைக் கண்டு, ஒரு நாள் பழமொழி ஒன்றைச் சொல்லி அதைக் கதையாக்கும்படி கேட்டார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துகிறவனைப் பற்றியது அந்தப் பழமொழி. பிள்ளைகளோ, நீரே எழுதும் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவர்களுக்கு அது ருசிக்கவில்லை. அப்படியல்ல, இப்படி என்று ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினார்கள். பிறகு ஸியோம்கா, ஃபியேத்கா என்ற இரு சிறுவர்கள் மாத்திரம் கூட இருந்து, மாலை ஏழு மணி முதல் இரவு பதினொரு மணி வரையில் பசியும் களைப்பும் தோன்றாமல் சொல்லிக்கொண்டே போக, 'ஸெவஸ்தபோல் சித்திரங்கள்' எழுதிப் புகழ்பெற்ற ஆசிரியர் அவர்களுக்கு எழுத்தராக இருந்தார்.

அந்தக் கதையில் ஒரு குடியானவன் பெண்பிள்ளையின் ரோமச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறான் என்று ஃபியேத்கா சேர்த்தான். ஏன் பெண்பிள்ளையின் சட்டை? யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிவரும் மனிதனின் முழு உருவமும், அவன் வீடும், அவன் வாழ்வும் அந்த ஒரு சட்டையில் வந்து நின்றுவிட்டதைக் கண்டு டால்ஸ்டாய் வியந்துபோனார். பின்னர் அந்தப் பிரதி காகித விளையாட்டில் கிழிந்து அழிந்தபோது, அவர் அடைந்த துயரம் தம் சொந்த எழுத்தை இழந்தவனின் துயரத்துக்குக் குறைந்ததாயில்லை; அதைக் கண்ட சிறுவர்கள் இருவரும் தாங்களே மீண்டும் எழுதித் தருவதாக முன்வந்து அவ்வாறே எழுதியும் தந்தார்கள். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று 1862-இல் அவர் எழுதிய கட்டுரை இந்த அனுபவத்தின் விளைவு. பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் எழுதியதையே படிக்கக் கொடுக்க வேண்டும், எழுத்துப்பிழை, கையெழுத்து, வாக்கிய அமைப்பு ஆகியவற்றைப் பற்றி அந்த வேளையில் வாய் திறக்கக் கூடாது என்று அதில் அவர் வற்புறுத்துகிறார்.

இந்த விருத்தாந்தத்தில் எம் மனத்தைப் பெரிதும் கவர்வது, பாலர்களின் மேதையைக் காட்டிலும், உபாத்தியாயர் தாமே பேனாவைக் கையில் எடுத்தார் என்பதும், எடுத்தபின் தாம் எழுதியதைப் பிள்ளைகள் மறுத்துச் சொல்ல இடங்கொடுத்தார் என்பதுமே. எழுதுகிறவன் ஒருவன் தம் கண்முன் அடித்துத் திருத்தித் தடுமாறுவதைக் காணாத பிள்ளைகளுக்கு, எழுத்து என்பது எங்கிருந்தோ முழு உருவில் வந்து கரும்பலகையில் இறங்கும் வஸ்துவாகவே தோன்றும். தமக்கு முன் உட்கார்ந்திருக்கும் தோழர்கள் கேட்டுச் சிரிக்கவும், கேள்வி கேட்கவும் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டாலோ, அப்புறம் ஊக்கம் என்று தனியாக ஒன்றை வெளியிலிருந்து ஊட்டவேண்டிய அவசியமே நேராது. பிரான்ஸில் பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்தில், முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்று நெடுநேரம் பேச முடியாதவராயிருந்த செலஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர், 1924-இல் சிறு அச்சியந்திரம் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பிள்ளைகள் தம் இஷ்டப்படி எழுதியவற்றை அவர்களைக் கொண்டே அச்சுக்கோக்கச் செய்து, தொலைவிலுள்ள இன்னொரு பள்ளியின் பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்ததும் இந்த உண்மையை உணர்ந்தே.

அச்சியந்திரம் கிடைக்காத இடத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம். அது நமக்குப் புதிதன்று. பின்னாளில் பெயர்பெற்ற தமிழ் எழுத்தாளர் பலருக்கு முதல் வாசகர்கள் கிடைத்தது அதில்தான்.

இலக்கணத்தை எவ்விதம் போதிப்பது என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அவர்களுடைய சிரமத்தை நாம் அறியாதவர்கள் அல்லர்; கட்டுக்கட்டாக ஏடுகளைத் திருத்தி, பாடத்திட்டத்தையும் முடித்து, தேர்ச்சி விகிதத்துக்கும் பதில் சொல்லவேண்டிய ஒருவரிடம், வல்லினம் மிகும் இடங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. வாரத்தில் ஒரு பாடவேளையை மாத்திரம் திருத்தத்துக்கு உட்படாததாக ஒதுக்கி வைக்கும்படியே கேட்கிறோம். வீட்டுப் பேச்சையும் அந்த ஒரு வேளையில் உள்ளே விடவேண்டும். ஆச்சி செத்துப்போனாள் என்று எழுதும் பிள்ளையிடம், அதன்பிறகு என்ன நடந்தது என்று கேட்பதே அப்போது ஆசிரியர் செய்யத்தக்க உபகாரம். சந்தி மறுநாளும் சொல்லித் தரலாம். தன் வாக்கியம் பிறர் காதில் விழவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கிய பிள்ளை அதை விரைவாகவும் கற்றுக்கொள்ளும்.

எம்மால் ஆகக்கூடியதை நாமும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த இதழ் முதல் நான்கு பக்கங்கள் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கென ஒதுக்கப்படும். தலைப்பைப் பிள்ளையே இடட்டும். தலைப்பில்லாமல் வந்தாலும் ஏற்போம். ஆசிரியர்கள் அன்புகூர்ந்து எதையும் திருத்தாமல், பெற்றோர் சம்மதத்துடன், அசல் பிரதியையே அனுப்பவேண்டும். ஐயமான இடங்களை எழுதிய பிள்ளைக்கே கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்வோம். அச்சானதும் அந்த வகுப்புக்கு இதழ்ப் பிரதிகள் இலவசமாக அனுப்பப்படும். அவற்றை வகுப்பில் உரக்கப் படிக்கும் உரிமை மட்டும் எழுதிய பிள்ளைக்கே இருக்கட்டும்.