மூடுபனித் திராட்சை

சென்ற அக்டோபரில் ஒரு காலை, வட இத்தாலியின் லா மோர்ரா கிராமத்து மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனது. ஆனால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பாலை ஊற்றி வைத்ததுபோல் மூடுபனி. இரண்டு மூன்று குன்றுகளின் உச்சி மட்டும் தீவுகளாகத் தெரிந்தன.

மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் ‘நெபியா’ என்று பெயர். அங்கே விளையும் திராட்சையின் பெயர் ‘நெபியோலோ’. பனி இறங்கும் பருவத்தில் பறிக்கப்படுவதால் அப்படிப் பெயர் வந்தது என்பார்கள். வசந்தத்தில் முந்திக்கொண்டு துளிர்க்கும் இந்தக் கொடி, பழுப்பதற்கு மட்டும் அக்டோபர்வரை காக்க வைக்கும். அதிலிருந்து வருவதுதான் ‘பரோலோ’ என்ற சிவப்பு ஒயின்.

பியட்மான்ட் வட்டாரத்தின் லாங்கே குன்றுகளில், 11 ஊர்களில் விளையும் நெபியோலோவுக்கு மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம். குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். குவளையில் ஊற்றினால் நிறம் வெளிறித்தான் இருக்கும். ‘இதற்கா இவ்வளவு விலை?’ என்று ஒரு வாய் குடித்தால், பால் கலக்காத கடுந்தேநீர்போலத் துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கும். லா மோர்ரா பக்கத்து மண்ணில் விளைந்தது சற்று மென்மை. எதிரே செர்ராலுங்காவின் இறுகிய மண்ணில் விளைந்தது, இளக இன்னும் பல ஆண்டுகள் கேட்கும்.

இந்தக் குன்றுகள் 2014ல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. சாலையெங்கும் சுற்றுப்பயணிகளின் கார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இது வறுமை பிடித்த மண். இளையர்கள் தோட்டத்தை விட்டுவிட்டு டுரின் நகரின் கார் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பக்கத்து ஆல்பா நகரில் 1946ல் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய் நிறுவனம் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துச் சென்று, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டது. சம்பளமும் கிடைத்தது, நிலமும் கைவிட்டுப் போகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் தடவும் நியூட்டெல்லா அந்த நிறுவனத்தினுடையதுதான்.

அந்த வறுமையைத் தெரிந்துகொண்டால்தான் எலியோ அல்தாரேயின் கதை புரியும். லா மோர்ராவைச் சேர்ந்த இவர், பிரான்சின் பர்கண்டிக்குப் போய் அங்குள்ள முறைகளைப் பார்த்துவிட்டு வந்தவர். 1983ல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். சிறிய புதுப் பீப்பாய்களைக் கொண்டுவந்தார். அப்பா அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதி வைத்துவிட்டார்.

அவரும் அவரைப் போன்ற இளையர்களும் இன்னொன்றும் செய்தார்கள். மிஞ்சும் குலைகள் நன்றாகப் பழுக்கட்டும் என்று, கோடையிலேயே பாதிக் குலைகளை வெட்டித் தரையில் போட்டார்கள். பசியை அறிந்த தலைமுறைக்கு அது எப்படி இருந்திருக்கும்? சோற்றைக் கொட்டுவதுபோல் இருந்திருக்கும்.

இந்தக் கதையை முதலில் கேட்டபோது நான் மகன் பக்கம்தான். கிள்ளானில் எங்கள் மளிகைக் கடைக்குக் கணினி வாங்கி வைத்து, பழைய கணக்கு நோட்டுகளைக் கட்டித் தூக்கிப் போட்டவன் நான். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த நோட்டுகளில் யார் யாருக்கு எந்தக் கஷ்டத்தில் கடன் கொடுத்தார் என்பதெல்லாம் இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

இன்று லாங்கேயில் பலர் மீண்டும் பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் மகன்கள் கொண்டுவந்த சுத்தத்தையும் குறைந்த விளைச்சலையும் விடவில்லை.

மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: பரோலோ விலை கையைக் கடித்தால் ‘லாங்கே நெபியோலோ’ என்று பெயரிட்ட போத்தலைத் தேடுங்கள். அதே திராட்சை, விலை குறைவு. வெறும் வயிற்றில் வேண்டாம். ஆட்டிறைச்சியோடு நன்றாகச் சேரும்.

அப்பா மதுவைத் தொட்டதே இல்லை. அவருக்கு அந்தக் குன்றுகளில் விளைந்த ஹேசல்நட் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். ஒன்றை எடுத்து மென்றார்.

“கிலோ என்ன விலைப்பா?” என்றார். சொன்னேன். பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.