எல்லையூர் அருங்காட்சியகத்திற்கு எந்தப் பணம் தேவை?

கட்டடத்திற்குப் பணம் கேட்டால் கிடைக்கும். ஓலையைப் படித்து அட்டவணையிடும் ஒருவருக்கு ஊதியம் கேட்டால் கிடைப்பதில்லை. வட்டார அருங்காட்சியகங்களுக்கு நிதி திரட்ட முனைந்தோர் பலரின் பட்டறிவு இது. கட்டடத்திற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. அட்டவணைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களுக்கென அருங்காட்சியகப் பணிகளைத் திட்டமிடுவோர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டியுள்ளது. அதற்கான முன்மாதிரி அவ்வட்டாரத்திலேயே கிடைக்கிறது.

கி.பி. 866இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்றான். அங்கே திருமால் கோயில் எடுத்தான். ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர் பயிலும் சாலையொன்றை நிறுவினான். பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என இடங்கள் பகுக்கப்பட்டன. இன்ன செலவுக்கு இன்ன நிலம் என்று வருவாய் ஒதுக்கப்பட்டது. கோயில் எடுத்ததைவிட, அது நாள்தோறும் நடப்பதற்கான ஏற்பாட்டைப் பற்றியே அச்செப்பேடு மிகுதியாகப் பேசுகிறது. அருங்காட்சியகத் திட்ட அறிக்கை எழுதுவோர் அதனை ஒருமுறை படிப்பது நலம்.

அச்செப்பேட்டின் பெயரே ஒரு கதை சொல்கிறது. அது குறிக்கும் ஊர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. செப்பேடோ திருவனந்தபுரத்து ஹஜூர் அலுவலகத்தில் கிடைத்தமையால் ‘ஹஜூர் அலுவலகச் செப்பேடு’ என வழங்குகிறது; து. அ. கோபிநாத ராவ் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். பொருள் ஓரிடம், ஊர் ஓரிடம் என்னும் இந்நிலை 1956 நவம்பர் 1க்குப் பின் மாநில எல்லையாகவும் இறுகியது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நேற்றுவரை ஒரே அரசின் கீழிருந்த ஊர்களின் நில ஆவணங்களும் குடும்ப ஓலைகளும் இரு ஆட்சிமொழிகளின் எல்லைக்குள் பிரிந்தன. எல்லையின் இப்புறத்தில் தமிழில் எழுதப்பட்ட பத்திரங்களை வைத்திருக்கும் குடும்பங்களின் இளந்தலைமுறை பெரும்பாலும் மலையாளவழி பயின்றது. படிக்க இயலாத ஓலை பரணில் எத்தனை ஆண்டு தாங்கும்?

அரசு நிதி எல்லையைத் தாண்டாது என்பது வழக்கமான மறுப்பு. பத்மநாபபுரம் அரண்மனை அம்மறுப்பிற்கு விடையாக நிற்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் உள்ள அவ்வரண்மனையையும் அதன் அருங்காட்சியகத்தையும் கேரளத் தொல்லியல் துறையே பேணுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் அங்கிருந்து புறப்பட்டுக் களியக்காவிளையில் எல்லை கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றனர். இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துகின்றனர். தெய்வத் திருமேனிகளுக்கு இயலும் ஒத்துழைப்பு, ஆவணங்களின் எண்மப் படிகளுக்கு இயலாமற்போகக் காரணமில்லை. இரு மாநிலத் துறைகளும் ஒரே பொது அட்டவணைக்குப் பங்களிக்கும் உடன்பாடொன்றே முதலில் கேட்கப்பட வேண்டியது. அதன் செலவு ஒரு காட்சிக்கூடத்தின் செலவில் சிறு பகுதியே.

பிற வாயில்களும் உள. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்திற்குப் பதிவுபெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் நாட்செலவை ஈடுசெய்வது அதன் நோக்கமன்று. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மரபுச் செல்வப் பாதுகாப்பைச் சமூகப் பொறுப்பு நிதிக்குரிய பணியாக ஏற்கிறது. ஆனால் நிறுவனங்கள் தாம் இயங்கும் வட்டாரத்திற்கே முன்னுரிமை தர வேண்டும் எனவும் அதே சட்டம் கூறுவதால், பெருநிறுவனங்கள் அரிதான எல்லைச் சிற்றூர்கள் பின்தங்கிவிடும். வளைகுடாவில் உழைப்போர் அனுப்பும் பணம் இதனினும் நம்பத்தக்கது. இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சேமிப்பிலிருந்து வங்கிவழி அளிக்கும் கொடை, அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அயல்நாட்டுப் பங்களிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. இதனை அறியாமல் அத்தகைய கொடைகளுக்கு அஞ்சி ஒதுங்குவது வீண்.

இக்கொடையைக் கேட்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: கட்டளை. கோயிலில் ஒரு நாளின் பூசைக்கோ விளக்கிற்கோ கட்டளை ஏற்பதைப் போல, ஒரு குடும்பம் ஓர் ஓலைக்கட்டின் தூய்மைப்பணி, படமெடுப்பு, எழுத்துப்பெயர்ப்பு ஆகியவற்றை ஏற்கலாம். முதலைத் தொடாமல் வட்டியில் நடப்பதே கட்டளையின் இயல்பு. இதில் இடர் இல்லாமலில்லை. கட்டளைதாரர் முதல்மரியாதை கேட்பார், வழக்கமும் அதுவே. சாதிச் சங்கம் பெருங்கொடை அளித்தால், தன் முன்னோரைப் பற்றிய செய்தியை மாற்றி எழுதுமாறும் கேட்கக்கூடும். அருவிப்புரத்தில் நாராயண குரு 1888இல் சிவலிங்கம் நிறுவிய வட்டாரம் இது. யார் எதைக் காட்சிப்படுத்துவது என்னும் வினா இங்கே எளியதன்று. கொடையாளர் பெயர் பதிவேட்டில் இருக்கலாம், காட்சிப்பொருள் பற்றிய முடிவில் அவருக்கு வாக்கு இல்லை என்பதை முதல் ரசீதிலேயே அச்சிட்டுவிடுவது நன்று. பணம் சற்றுக் குறையும், குறையட்டும்.

மூல ஆவணத்தை அருங்காட்சியகம் வாங்க வேண்டியதும் இல்லை. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட நிதியுதவியுடன் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஊர்ப்பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுத்துள்ளது. மூலத்தை உரியவரிடமே விட்டுப் படியை மட்டும் எடுக்கும் இம்முறை, ‘ஓலையைக் கொடுத்தால் நிலம் போய்விடும்’ என அஞ்சும் முதியவர்களிடம் கதவைத் திறக்கும்.

ஓலையினும் விரைந்து மறைவது நினைவு. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தபோது பதினைந்து அகவையில் இருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்கள். அந்நாளில் தமிழர் இயக்கம் கோரிய நிலப்பரப்பில் தென் நெய்யாற்றின்கரையும் அடங்கும். கோரப்பட்டும் கிடைக்காத ஊரில் வாழ்ந்தோர் அதனை எவ்வாறு கண்டனர் என்பது அச்சேறிய நூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. அதனைப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், இருமொழி அறிந்த ஆய்வு மாணவர் இருவரும், ஓராண்டிற்கு அவர்களின் உதவித்தொகையும் பேருந்துக் கட்டணமும் போதும். திரளும் முதல் தொகை இதற்கே செல்ல வேண்டும். சுவர் எழுப்புவதை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைக்கலாம்.