புதுக் கார் வாங்கப் போகிறீர்களா? பேரம் பேசுவது லாபமா, ஒரே விலை நல்லதா?

தேக்காவில் பூச்சரம் வாங்கினாலும் "கொஞ்சம் கொறைச்சுக் கொடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம். அங்கிருந்து சில நிமிடம் நடந்து முஸ்தஃபா சென்டருக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பேச்சே வராது. சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை.

புதுக் கார் வாங்கும்போது நீங்கள் இந்த இரண்டில் எந்தக் கடைக்குள் நிற்கிறீர்கள்?

லெங் கீ ரோட்டிலோ உபியிலோ உள்ள ஷோரூம்களுக்குப் போனால் விலைப்பட்டியல் அச்சடித்து வைத்திருக்கும். ஆனால் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பத்து நிமிடத்தில் "இன்னிக்கே புக் பண்ணிட்டீங்கன்னா மூவாயிரம் வெள்ளி கொறைச்சுத் தரேன்" என்ற பேச்சு வரும். கூடவே இலவச சோலார் ஃபிலிம், கேமரா, முதல் ஆண்டு சர்வீஸ். இன்னொரு பக்கம், இணையத்திலேயே விலையைப் போட்டு, "எல்லாருக்கும் இதுதான்" என்று விற்கும் நிறுவனங்களும் வந்துவிட்டன.

எதில் நமக்கு லாபம்? முதலில் விலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

விலையில் எவ்வளவு பகுதி பேரத்துக்கு வரும்?

சிங்கப்பூரில் கார் விலையின் பெரும்பகுதியை விற்பனையாளர் நினைத்தாலும் குறைக்க முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காரின் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- உற்பத்தி வரி 20 விழுக்காடு: 4,000 வெள்ளி
- பொருள், சேவை வரி 9 விழுக்காடு: 2,160 வெள்ளி
- கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு: 20,000 வெள்ளி
- பதிவுக் கட்டணம்: 350 வெள்ளி

காரின் மதிப்பையும் சேர்த்தால் 46,510 வெள்ளி ஆகிவிட்டது. இதோடு வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் எல்லாரும் சொல்லும் சி.ஓ.இ. அது 100,000 வெள்ளி என்று வைத்தால் மொத்தம் 146,510 வெள்ளி. புகை வெளியேற்றத்தைப் பொறுத்துக் கழிவோ கூடுதல் கட்டணமோ வரலாம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கார் ஷோரூமில் 165,000 வெள்ளிக்கு விற்கப்பட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் ஏறக்குறைய 89 வெள்ளி தொழிற்சாலைக்கும் வரிக்கும் சான்றிதழுக்கும் போய்விடுகிறது. மீதி 18,490 வெள்ளியில்தான் கடை வாடகை, ஊழியர் சம்பளம், உத்தரவாதச் செலவு, விற்பனையாளரின் கமிஷன், நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் பேரமும் அந்த 18,490 வெள்ளிக்குள்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சி.ஓ.இ ஏலக்குத்தகையில் பேரத்துக்கு இடமே இல்லை. மாதத்துக்கு இரண்டு முறை நடக்கும் அந்த ஏலக்குத்தகையில், ஒரே பிரிவில் வெற்றிபெறும் எல்லாரும் ஒரே விலையைத்தான் கட்டுகிறார்கள். தோற்றவர்களில் ஆக அதிகமாகக் கேட்டவரின் தொகைக்கு மேல் ஒரு வெள்ளி, அதுதான் விலை. அதிகம் கேட்டவரும் குறைவாகக் கேட்டு ஜெயித்தவரும் ஒன்றே கட்டுவார்கள்.

அப்படியென்றால் "3,000 வெள்ளி குறைப்பு" எங்கிருந்து வருகிறது?

பல நேரங்களில் அது காரின் விலையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஷோரூமில் உங்களுக்கு விற்கப்படுவது ஒரு தொகுப்பு. அதில் கார், சி.ஓ.இ, கடன், காப்புறுதி, உங்கள் பழைய காருக்கான விலை என ஐந்து விஷயங்கள் இருக்கலாம். ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ள முடியும்.

தள்ளுபடிக்குக் கீழே சின்ன எழுத்தில் "எங்கள் மூலம் கடன் எடுத்தால் மட்டும்" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடன் ஏற்பாடு செய்து கொடுப்பதற்கு விற்பனையாளருக்கும் ஒரு வருமானம் உண்டு. அதனால்தான் அந்த நிபந்தனை.

சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி, பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் போகாத காருக்கு அதன் விலையில் 70 விழுக்காடு வரை கடன் வாங்கலாம். அதற்கு மேல் போனால் 60 விழுக்காடு. இரண்டுக்கும் 7 ஆண்டுதான் உச்சவரம்பு.

நீங்கள் 110,000 வெள்ளியை 7 ஆண்டுக்குக் கடன் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். வெளியே ஒரு வங்கி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கேட்கிறது. ஷோரூம் ஏற்பாடு செய்யும் கடனுக்கு 3 விழுக்காடு. "அரை விழுக்காடுதானே" என்று தோன்றும். ஆனால் அந்த அரை விழுக்காடு 7 ஆண்டில் 3,850 வெள்ளி. கிடைத்த தள்ளுபடி 3,000 வெள்ளி. பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்தவர் உண்மையில் 850 வெள்ளியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கார் கடனுக்குச் சொல்லப்படும் வட்டி, நீங்கள் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை கணக்கிடப்படுகிறது. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாது. அதனால் 7 ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்று சொல்லப்படும் கடனின் உண்மையான வட்டி விகிதம் ஏறக்குறைய 4.7 விழுக்காடு. இரண்டு கடன்களை ஒப்பிடும்போது அந்த உண்மையான விகிதத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

சி.ஓ.இ யாருடைய பொறுப்பு?

பேரம் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆனால் ஆகப் பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது.

விற்பனையாளர்கள் பொதுவாக இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று, உத்தரவாதமுள்ள சி.ஓ.இ. குறிப்பிட்ட காலத்துக்குள் சான்றிதழை எடுத்துக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. விலை ஏறினாலும் நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, உத்தரவாதமில்லாதது. ஒப்புக்கொண்ட தொகை வரை அவர்கள் ஏலம் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் பணம் கூட்ட வேண்டும், இல்லை காத்திருக்க வேண்டும்.

விலை ஏறினால் யார் தாங்குவது என்று எல்லாரும் கேட்கிறோம். இறங்கினால் அந்தப் பணம் யாருக்கு என்று கேட்கிறோமா?

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் அதே பிரிவு 85,010 வெள்ளி. மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய 65,000 வெள்ளி வித்தியாசம். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும் காரின் விலையில் அப்படி ஒரு தொகையைக் குறைக்க முடியாது.

அதனால்தான் ஒப்பந்தத்தில் 'சி.ஓ.இ கழிவு' எந்த அளவில் போடப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். உதாரணத்துக்கு அது 95,000 வெள்ளி என்று எழுதப்பட்டு, சான்றிதழ் 88,000 வெள்ளிக்குக் கிடைத்தால், 7,000 வெள்ளி உங்களுக்குத் திரும்ப வரும். அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த 7,000 வெள்ளியை நீங்கள் கேட்டு வாங்குவது கஷ்டம். சோலார் ஃபிலிமுக்காக அரை மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு வரிக்காகப் பேசலாம்.

ஒரே விலை யாருக்கு நல்லது?

பேரம் என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையாது. விலை நிலவரம் தெரிந்தவர், நேரம் உள்ளவர், எழுந்து போய்விடுவேன் என்று காட்டத் தெரிந்தவர், இவர்களுக்குக் குறைந்த விலை கிடைக்கும். முதல்முறை கார் வாங்குபவர், குழந்தை பிறக்கப் போகிறது என்று அவசரத்தில் வருபவர், கேட்கக் கூச்சப்படுபவர், இவர்கள் அதிகம் கொடுப்பார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே கார், வேறு வேறு விலை.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் இயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மேன் இருவரும் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஆட்களைக் கார் கடைகளுக்கு அனுப்பி, எல்லாரையும் ஒரே பாணியில் பேரம் பேச வைத்தார்கள். வெள்ளை இன ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலை, கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் சொல்லப்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. பேசிய பேச்சு ஒன்றுதான், ஆளைப் பார்த்து விலை மாறியது.

அது அமெரிக்கா, அதுவும் பல ஆண்டுக்கு முன்னர். இங்கே அப்படி நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விலையை ஒருவர் வாயால் சொல்லும் இடத்தில், எதிரே இருப்பவர் எவ்வளவு கொடுப்பார் என்று எடைபோடுவது இயல்பு. நீங்கள் போட்டிருக்கும் கடிகாரமும் வந்திறங்கிய வண்டியும் அந்தக் கணக்கில் சேரும்.

ஒரே விலை என்றால் அந்த எடைபோடல் இல்லை. 2021இல் டெஸ்லா சிங்கப்பூரில் இணையம்வழி விற்பனையைத் தொடங்கியபோது பலருக்கும் பிடித்தது இதுதான். விலை திரையில் இருக்கிறது, மாமா போனாலும் மருமகன் போனாலும் அதே விலை.

அப்படியானால் ஒரே விலையில் குறையே இல்லையா?

உண்டு. முதலாவது, ஒரே விலை என்றால் குறைந்த விலை என்று பொருளில்லை. நன்றாகப் பேரம் பேசக்கூடியவருக்கு அது நஷ்டமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, இன்று எல்லாருக்கும் ஒரே விலை என்றாலும் நாளைக்கும் அதே விலை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோது, சில வாரங்களுக்கு முன்புதான் வாங்கியவர்கள் ஷோரூம்களில் திரண்டு ஆட்சேபம் தெரிவித்தார்கள். பேரத்தில் விலை ஆளுக்கு ஆள் மாறும், இங்கே நாளுக்கு நாள் மாறலாம்.

மூன்றாவது, ஒரே விலையில் விற்கும் இடத்திலும் கடன், காப்புறுதி, பழைய காரின் மதிப்பு எல்லாம் உண்டு. அவற்றை வெளியில் விசாரிக்காமல் ஒப்புக்கொண்டால், காரில் மிஞ்சியது அங்கே போய்விடும்.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

- சாலைக்கு வரும்வரை நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு? வட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
- உங்கள் கடனும் காப்புறுதியும் வேண்டாம் என்றால் விலை எவ்வளவு?
- சி.ஓ.இ உத்தரவாதமுள்ளதா? எத்தனை ஏலக்குத்தகைக்குள் எடுத்துத் தருவீர்கள்?
- சி.ஓ.இ கழிவு எந்த அளவில் இருக்கிறது? விலை இறங்கினால் வித்தியாசம் எனக்கு வருமா?
- சான்றிதழ் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்புமா? எத்தனை நாளில்?
- பழைய காருக்கு நீங்கள் கொடுப்பது எவ்வளவு? புதுக் காரின் விலையோடு கலக்காமல் தனியாக எழுதித் தாருங்கள்.

இந்தப் பதில்களை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், கவலப்படாதீங்க" என்ற வாக்குறுதி, அந்த விற்பனையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் போய்விடும்.

அதே காரை அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடமும் இணை இறக்குமதியாளரிடமும் விசாரித்துப் பாருங்கள். விலையோடு உத்தரவாதக் காலத்தையும், பழுது என்றால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

பிரச்சினை வந்தால்?

விலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. மறைத்து வைத்துப் பிறகு சேர்க்கும் கட்டணங்கள், தவறாக வழிநடத்தும் தள்ளுபடிகள், உண்மையில் இலவசமாக இல்லாத 'இலவசங்கள்' ஆகியவை பற்றிய விலை வழிகாட்டி 2020 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதை வெளியிட்டது. விற்பனையாளரிடம் பேசியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தைத்தான்.

ஆக, பேரமா ஒரே விலையா?

பேரம் பேசப் பிடித்தவர் தாராளமாகப் பேசலாம். பிடிக்காதவர் ஒரே விலைக்கு விற்கும் இடத்தில் நிம்மதியாக வாங்கலாம். இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான்: கடைசித் தவணை வரை உங்கள் பையிலிருந்து போகும் மொத்தப் பணம். அந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் விசாரித்தவரை, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று சொல்லி யாரும் அவசரப்படுத்த முடியாது. அடுத்த ஏலக்குத்தகை இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஒரு நாள் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருவதால் நீங்கள் இழக்கப்போவது பெரும்பாலும் எதுவும் இல்லை.